வரன் விளம்பரத்தில் நிறம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழா நடனத்தில் அவளைப் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார்கள், மேடை வெளிச்சத்தில் முகம் எடுபடாதாம். அவள் அழவில்லை, ஆனால் அன்றிலிருந்து வீட்டில் யார் போட்டோ எடுத்தாலும் மெல்ல நழுவிவிடுகிறாள்.

கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில் தன் நிறத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோது இவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான்கு வயதில், தன்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாராம். அப்புறம் அவ்வளவு பெரிய பதவிக்கு வந்தும், கணவர் அதே நாற்காலியில் இருந்த காலம் வெள்ளை, இவர் காலம் கறுப்பு என்று ஒருவர் சொன்னதையும் கேட்டிருக்கிறார். மனசு பதறுகிறது.

2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. சரி, நல்லது. ஆனால் பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறம் கணிப்பதும், பிள்ளை சிவப்பாகப் பிறக்கக் கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ வாங்கிக் கொடுப்பதும் நம் வீடுகளில்தான், பாசத்தோடுதான் நடக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரன் பக்கத்தில் 'சிவந்த நிற மணமகள் தேவை' என்ற வரியை இனி வாங்காதீர்கள். அந்தப் பக்கத்தை அவளும் படிக்கிறாள்.

ஒரு வாசகி,
திருநெல்வேலி