ரோமியோவைக் கொன்றது விதியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரோமியோவின் சாவுக்கு விதியைக் குற்றம் சொன்ன ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்தேன். ஒப்ப முடியவில்லை. ஷேக்ஸ்பியரின் அந்தக் கதை ஞாயிறு காலை தொடங்கி வியாழன் விடியலில் முடிந்துவிடுகிறது. காலையில் ரோசலின் என்ற வேறொருத்திக்காக உருகியவன் இரவு விருந்தில் ஜூலியட்டைப் பார்க்கிறான். மறுநாளே கல்யாணம், அன்றே அவள் உறவினன் டைபால்ட்டைக் கொன்று நாடுகடத்தப்படுகிறான். ஜூலியட் மருந்து குடித்துச் செத்தவள்போல் தூங்குகிறாள் என்று சொல்லும் பாதிரியாரின் கடிதம், அவன் தங்கியிருந்த மாண்டுவா நகருக்குப் போய்ச் சேராததற்குக் கொள்ளைநோய் காரணம். அதை வேண்டுமானால் விதி என்போம். ஆனால், அவள் செத்தாள் என்று கேட்டதும் பாதிரியாரிடம் போய் விசாரிக்காமல், 40 டியூகட் பொற்காசு கொடுத்து விஷம் வாங்கியது யார்? கல்லறையில் அவள் உதட்டிலும் கன்னத்திலும் சிவப்பு மாறவில்லை என்று அவனே சொல்கிறான். சொல்லிவிட்டுக் குடிக்கிறான்! கொஞ்சம் பொறுத்திருந்தால் அவள் கண் விழித்திருப்பாள்.

வில்லுப்பாட்டில் பாடப்படும் நம் பாபநாசம் மலைப்பக்கத்துப் பிராமணன் முத்துப்பட்டனும் லேசுப்பட்ட அவசரக்காரன் இல்லை. பொம்மக்கா, திம்மக்காவைக் கண்டதுமே பித்தானவன். ஆனாலும் அவர்கள் அப்பன், செருப்புத் தைக்கும் வாலப்பகடை, பெண் கொடுக்க நிபந்தனை போட்டதும், குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, உட்கார்ந்து செருப்புத் தைத்தான். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் சாமியாகிவிட்ட அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. கல்யாண ராத்திரியே மாட்டுக் கள்ளரைத் துரத்திப்போய் மாண்டானே, அது அவசரம் இல்லையா என்று கேட்பார்கள். களவு போனது மாமனார் காவலில் இருந்த மாடு. போகாமல் எப்படி இருப்பான்?

கட்டுரையாளர் ஒரு கோயில் கொடைவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு மறுபடி எழுதட்டும்.

- ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பாளையங்கோட்டை