புரட்டாசியில் ஒரு கல்யாணம்

ஃப்ரைபர்க், ஜெர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் போன் செய்யவில்லை என்று கோபமாக இருப்பாய். என் தோழிக்குக் கல்யாணம். வீடியோவில் உன்னிடம் ரசப்பொடி கேட்டாளே, அவள்தான். "புரட்டாசியிலா?" என்று நீ முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இவர்களுக்கு ஏது புரட்டாசி! திராட்சைத் தோட்டமெல்லாம் மஞ்சளாக மாறும் நேரம், போட்டோ நன்றாக வரும், அவளுக்கு அது போதும்.

நீ பதறப்போகும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் எல்லாரும் பழைய தட்டு, கோப்பைகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உடைத்தார்கள். பீங்கான்தான் உடைக்கலாம், கண்ணாடி கூடவே கூடாதாம். அப்படி உடைத்தால் நல்லது நடக்குமாம். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும். அவர்கள் அள்ள அள்ள இன்னொருவர் வந்து உடைப்பார். நானும் ஒரு தட்டு உடைத்தேன், கை கொஞ்சம் கூசத்தான் செய்தது.

இங்கே சர்ச்சில் மட்டும் நடந்தால் கல்யாணம் செல்லாது. 1876 முதல் நாடு முழுக்க இதுதான் சட்டம், அரசுப் பதிவாளர் முன்னால் நடந்தால்தான் கணக்கு. அதனால் வெள்ளிக்கிழமை காலை பதிவு அலுவலகம். சாட்சி யார் தெரியுமா? உன் மகள்தான்! இப்போதெல்லாம் சாட்சி கட்டாயமில்லை, ஆனாலும் நான்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த வாடாமல்லிப் பட்டைக் கட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன். மோதிரம் வலது கையில் போட்டுக்கொண்டார்கள். சேலைக்கு மேல் கோட்டு, அதுதான் கொஞ்சம் கண்றாவியாக இருந்தது.

மறுநாள் சர்ச். வெளியே வந்ததும் ஒரு மரக்கட்டையும் இரண்டு பக்கமும் பிடியுள்ள ரம்பமும் தயாராக இருந்தன. இருவரும் மாறி மாறி இழுத்து அறுக்க வேண்டும். ஒருவர் தள்ளினால் ரம்பம் மாட்டிக்கொள்ளும். மாப்பிள்ளை அவசரக்காரர், தள்ளினார். அவள் போட்ட அதட்டலில் ஊரே சிரித்தது.

விருந்து பக்கத்தில் உள்ள கைசர்ஷ்டூல் என்ற குன்றுப் பகுதியில், ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில். மொத்தமே அறுபது பேர்தான். ஒவ்வொரு நாற்காலிக்கும் பெயர் எழுதிய அட்டை. அழைக்காதவர் வந்து ஒரு கை சாப்பிட்டுப் போக முடியாது, எனக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. புதுத் திராட்சைச் சாறு பாதி நொதித்த பதத்தில் இந்தப் பருவத்தில்தான் கிடைக்கும். பாட்டிலை இறுக மூடினால் வெடித்துவிடுமாம். நான் குடித்தேனா என்று கேட்காதே. சனிக்கிழமை என்பதால் கறி தொடவில்லை, வெங்காய அடையில்கூடப் பன்றிக்கறி போடுகிறார்கள். சீஸ் போட்ட மாவுத் துண்டுகளை இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

படங்களைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பச்சைக் கவுனில் என் முந்தானையைப் பிடித்துப் பார்ப்பவர் பெண்ணின் பாட்டி. இந்த ஊர்த் தெருவோரங்களில் சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடுகின்றன. தெரியாமல் அதில் கால் வைத்தவர் ஃப்ரைபர்க் ஆளைத்தான் கட்டிக்கொள்வார் என்பார்கள். "உன் கால் நனைந்ததா?" என்று பாட்டி கேட்டார். இல்லை என்றேன். அதனால் சித்தப்பா அனுப்பிய ஜாதகத்தை நீ பத்திரமாகவே வைத்திரு. பதில் கேட்டு மட்டும் இப்போது நச்சரிக்காதே.

அன்புடன்,
உன் மகள்