நம் மாணவனின் இரண்டு ஆவணப்படங்கள்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவன் எடுத்த இரண்டு குறும்படங்களை வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளிக் கூடத்தில் திரையிடுகிறோம். "நாம் படும் பாட்டை ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடுகிறார்களே, அதைப் பார்த்துத்தான் இவனுக்கு இந்த ஆசை வந்தது. கேமரா, அக்காவின் செல்போன்.

முதல் படம் அவன் அம்மாவைப் பற்றியது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, அதில் முதலிடம் நம் தூத்துக்குடி. பிள்ளைகள் பரீட்சையில் இதைச் சரியாக எழுதிவிடுவார்கள். அந்த உப்பை வாருகிறவர்கள் விடியுமுன்னே டார்ச் வெளிச்சத்தில் பாத்தியில் இறங்குவதையும், வெயில் ஏற ஏற வெண்மையின் கூச்சத்தில் கண் எரிவதையும் இந்தப் படம் காட்டுகிறது. வேலை முடிந்து வந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, உப்புநீரில் நின்று வெடித்த பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். "வலிக்குதாம்மா?" என்று மகன் கேட்கிறான். "பழகிப்போச்சுலே" என்கிறார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்போது அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் எங்கெங்கே போனது என்று விரல்விட்டுச் சொல்கிறார்: அரிசி, மளிகைக்கடைப் பாக்கி, குழுக் காசு. அதோடு ஒரு கை விரல்கள்கூட முடியவில்லை, பணம் முடிந்துவிட்டது.

இரண்டாவது படம் அவனைப் பற்றியது. அவனுக்குத் திக்குவாய். காலையில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். அந்த 'உ' அவனுக்கு லேசில் வெளியே வராது. வகுப்பே திரும்பிப் பார்க்கும் அந்த இடைவெளியை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறான். கொஞ்சம் குறைக்கலாமே என்று ஆசிரியர் ஒருவர் சொன்னதற்கு, "எனக்கு அவ்வளவு நேரம் ஆகுதே சார்" என்றானாம். எனக்கு இந்தப் படம்தான் கூடுதலாகப் பிடித்தது. திக்கிப் பேசும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவன் சொல்ல வந்த சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள், வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பழகச் சொல்லாதீர்கள். அதற்கென்று படித்த பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கூட்டிப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளிப் படிவத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகளை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். உப்பளம் என்று எழுதக் கூச்சம். கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. தன் அம்மா செய்யும் வேலையை இந்தப் பையன் நேராகப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறான், மற்ற பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும் என்று விரும்புகிறேன். இதில் என் முடிவு மாறாது.

ஆனால் உங்கள் தயக்கத்தில் நியாயமான ஒரு பகுதி உண்டு. யாருடைய முகமும் அவர்கள் சம்மதமில்லாமல் திரையில் வரக்கூடாது. படத்தில் பேசிய எல்லோருக்கும் அவன் முதலில் போட்டுக் காட்டினான். வேண்டாம் என்றவர்களின் காட்சிகளை எடுத்துவிட்டான். எந்த உப்பளம் என்பதும் படத்தில் இல்லை. யூடியூபில் ஏற்றப் போவதில்லை. நீங்களும் திரையிடும்போது செல்போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பு சம்மதம் சொல்லி இப்போது மனம் மாறியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள், காரணம் கேட்க மாட்டோம்.

வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வாருங்கள். படம் முடிந்ததும் அவனிடம் கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல அவனுக்கு நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
தூத்துக்குடி மாவட்டம்.