தண்ணீர் குடிக்கத் தயங்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பகுதியில் உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளை விடுதி வசதியுள்ள சிறப்புப் பள்ளிகளுக்குக் கோவைப் பக்கம் அனுப்பிவிடுவதே அவர்களுக்கும் பெற்றோருக்கும் நல்லது என்று வாசகர் ஒருவர் சில நாட்களுக்கு முன் இப்பகுதியில் எழுதியிருந்தார். அக்கறையோடு எழுதப்பட்ட கடிதம்தான். ஆனால் நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக இத்தகைய பிள்ளைகளுக்கு உதவியாளராக இருப்பவள் என்ற முறையில், அதற்கு மறுமொழி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் பார்த்தவரையில், இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பள்ளியிலிருந்து விலக்கி வைப்பது அவர்களுடைய குறைபாடு அன்று; பள்ளி வேளையில் அவர்களுக்குக் கைகொடுக்க ஓர் ஆள் இல்லாததே ஆகும்.

நான் பணியில் சேர்ந்த முதல் வாரத்தில், மூளை முடக்குவாதம் உள்ள மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காலை முதல் மாலை வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதைக் கவனித்தேன். கேட்டபோது தாகமில்லை என்றாள். பல நாட்கள் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னாள். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும். அங்கே தூக்கிச் செல்லவும், உடையைச் சரிசெய்யவும், மேற்கத்திய கழிப்பறையில் விழாமல் உட்காரப் பிடித்துக்கொள்ளவும் யாரையாவது கேட்க வேண்டும். கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மாவும் அளந்துதான் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். காலையில் பேர் கொடுத்துவிட்டால் நடுவில் வந்து பார்த்துக்கொள்ள முடியாது.

அதே பள்ளியில் பழங்குடிச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவனுக்கு அரிவாள் செல் இரத்தசோகை, அதாவது எல்லோரும் சிக்கிள் செல் என்று சொல்லும் நோய். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1952-இல், நமது நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்வதால், கை கால் எலும்புகளிலும் முதுகிலும் பொறுக்க முடியாத வலி வரும். உடலில் நீர் குறைந்தாலும், குளிர் தாக்கினாலும், அளவுக்கு மீறி ஓடினாலும், மேடு ஏறினாலும் அந்த வலி கிளம்பக்கூடும். ஆகவே இந்தப் பிள்ளை அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி வெளியே போகவும் வேண்டும். இது தெரியாதபோது, "எத்தனை தடவைதான் போவாய்?" என்று வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். மழையில் நனைந்து வந்தவனை ஈரச் சட்டையோடே உட்கார வைத்த ஒரு நாளில், மதியத்துக்குள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அந்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் அன்று தெரியாது. அதன் பிறகே மாற்றுச் சட்டையும் கம்பளிச் சட்டையும் ஒரு பையில் பள்ளியிலேயே வைத்தோம். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அவன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தானா என்று நான் பார்த்துக்கொண்டேன்.

எனவே, ஒரு பள்ளியில் உள்ளடக்கிய கல்வி, அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து படிப்பது, எப்படி நடக்கிறது என்று பார்க்க வரும் அலுவலர்கள், பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளைகள் அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரிக்கலாம் என்பது என் பணிவான கருத்து.

சக்கர நாற்காலியும் சாய்தளமும் கொடுத்துவிட்டால் ஆள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சமவெளியில் அது ஓரளவு நியாயமான கேள்வியாக இருக்கலாம். எங்கள் பள்ளி சாலைமட்டத்திலிருந்து 36 படிகள் கீழே இருக்கிறது. ஒரு படி அரை அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 18 அடி இறக்கம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் கட்ட வேண்டுமானால் 216 அடி நீளம் வேண்டும். இடையிடையே நின்று இளைப்பாறும் தளங்கள் தனி. அவ்வளவு இடம் எங்கள் பள்ளி வளாகத்தில் இல்லை. தென்மேற்குப் பருவமழையில் பாசி பிடித்து வழுக்கும் அந்தப் படிகளில் பிள்ளையைத் தூக்கி இறங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பிள்ளையின் உடலைத் தன் உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் ஒருவர் சொல்லிக் கொடுக்கும்வரை நான் இரண்டு ஆண்டுகள் முதுகுவலியோடு வேலை பார்த்தேன்.

தூக்கி இறக்குவது இந்த வேலையில் ஒரு சிறு பகுதிதான். வலிப்பு வரும் பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விழுங்குவதற்குச் சிரமப்படும் பிள்ளைக்குச் சத்துணவை நன்றாகப் பிசைந்து, நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறிது சிறிதாகத்தான் ஊட்ட வேண்டும். சாய்த்துப் போட்டு ஊட்டினால் புரையேறி உயிருக்கே ஆபத்தாக முடியும். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஆட்டிசம் உள்ள பிள்ளையை அதட்டினால் அலறல் கூடுமே தவிரக் குறையாது. இவற்றை அனுபவத்தில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வதற்குள், நம்முடைய தவற்றின் விலையைப் பிள்ளைகள் கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, உதவியை எப்போது நிறுத்துவது என்று அறிவது. முன்சொன்ன சிறுமிக்கு முதல் ஆண்டில் பொத்தான் போடுவது முதல் பென்சில் பிடிப்பது வரை நானே செய்தேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன். பென்சிலைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டைத் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தால் அவளே பிடிப்பாள் என்று வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர் காட்டிக் கொடுத்தார். கோடு கோணலாக வந்தது, எழுத்துக்கு நெடுநேரம் ஆனது. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று அவள் தன் பெயரையும் ஊரையும் எழுதுகிறாள். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு நான் அவளுக்காகப் பதில் சொல்வதையும் நிறுத்தினேன். அந்தச் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருப்பதால் எங்கள் பள்ளிக்குத் தினமும் வர இயலாது. அவர் காட்டிக் கொடுத்ததை மற்ற நாட்களில் தொடர்ந்து செய்ய, பள்ளியிலேயே ஒருவர் இருந்தாக வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை நமக்குக் குறை அதிகம் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவற்றை 21 ஆக்கி, அரிவாள் செல் நோயையும் சேர்த்தது. அதன் 16-ஆவது பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளின் உதவியாளருக்கும் போக்குவரத்து வசதி தர வேண்டும் என்று கூறுகிறது. அதாவது, அப்படி ஒருவர் உடன் வருவார் என்று சட்டமே எதிர்பார்க்கிறது. அவரை யார் நியமிப்பது, யார் ஊதியம் தருவது என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியதும் சிறப்பாசிரியர்களைப் பற்றியதே.

எனக்கு ஊதியம் பெற்றோர்கள் திரட்டித் தரும் தொகையிலிருந்து வருகிறது. கொழுந்து குறைந்த மாதங்களில் அது தாமதமாகும். கோடை விடுமுறையில் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். ஆனால் நாளை நான் வேறு வேலைக்குப் போய்விட்டால், இரண்டு பிள்ளைகள் மறுநாளே வீட்டில் இருந்துவிடுவார்கள். ஆகவே, அதிக ஆதரவு தேவைப்படும் பிள்ளை படிக்கும் ஒவ்வொரு மலைப்பகுதிப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர் பணியிடத்தை, ஆண்டு முழுவதற்குமான ஊதியத்துடன் அரசு உருவாக்க வேண்டும். பழங்குடிப் பிள்ளைகள் உள்ள இடங்களில் அவர்களுடைய மொழி அறிந்த பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். பணியர் மொழி பேசும் ஒரு பையனை, தமிழ்க் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதற்காக அறிவு வளர்ச்சி குன்றியவன் என்று எழுதிவைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

அந்தச் சிறுமி இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். வரும் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே படிகள் குறைவு, கழிப்பறையும் புதியது, உதவியாளர் இல்லை. மாவட்டக் கல்வி அலுவலர்கள் அதற்குள் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி உதவியாளர் ஒருவர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.