எதில் எவ்வளவு கலந்தது என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் விஸ்கி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாட்டிலில் பிளெண்டட், அதாவது கலப்பு என்று எழுதியிருந்தாலே இரண்டாந்தரம் என ஒரே வரியில் தள்ளிவிட்டார் எழுதியவர். நான் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மக்காச்சோளம் ஏற்றுவதற்காக நியூ ஆர்லியன்ஸ் பக்கம் மிசிசிப்பி ஆற்றில் கப்பல் நாள்கணக்கில் கிடக்கும். கரையில் இறங்கினால் அமெரிக்க விஸ்கி வகைகளான போர்பனும் ரையும்தான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் என்றால் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். ரை விஸ்கிக்கு அதே அளவு ரை என்ற, கோதுமை மாதிரியான தானியம். இரண்டையும் உள்பக்கம் கருக்கிய புது ஓக் மரக் கலத்தில்தான் ஊற்றிவைக்க வேண்டும். இரண்டு வருஷமாவது அதில் கிடந்தால்தான் 'ஸ்ட்ரெய்ட்' என்று போடலாம். இதுவரை கட்டுரை சரி.

கலப்புக்கு வந்ததும்தான் குழப்பம். ஸ்ட்ரெய்ட் போர்பனோடு ஸ்ட்ரெய்ட் ரையைச் சேர்த்தாலும் கலப்புதான். 20 சதவீதம் ஸ்ட்ரெய்ட் விஸ்கியை வைத்துக்கொண்டு மீதிக்கு மணமற்ற வெறும் ஸ்பிரிட்டை, அதாவது வடித்த சாராயத்தை ஊற்றினாலும் 'பிளெண்டட் விஸ்கி'தான். முதல் வகைக்கு ஹை வெஸ்ட் நிறுவனத்தின் 'பூரை'யைச் சொல்லலாம். இரண்டாவதற்கு சீகிராம்ஸ் செவன் கிரவுன். அதில் முக்கால் பங்கு தானிய ஸ்பிரிட். அதை லேபிளிலேயே போட்டிருப்பார்கள், போட்டாக வேண்டும் என்பது அங்கே சட்டம். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து இரண்டாந்தரம் என்றால் எப்படி?

ஹூஸ்டனில் இருக்கும் என் அக்கா மகன், விமானத்தில் அனுமதிக்கும் இரண்டு லிட்டருக்குள் புல்லெட் என்ற கம்பெனிப் பெயரில் வரும் போர்பன் ஒன்றும் ரை ஒன்றும் கொண்டுவந்தான். இரண்டிலும் ஆல்கஹால் 45 சதவீதம். அதனால் ஒப்பிட வசதி. எங்கள் தங்கச்சிமடத்தில் வாடைக்காற்று அடித்தால் எதை மோந்தாலும் காரல் கருவாடுதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தோம். ஐஸ் வேண்டாம் என்றேன், குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும். கேன் தண்ணீர் நாலைந்து சொட்டு மட்டும். கிணற்றுத் தண்ணீரைத் தொடவே கூடாது, உப்பு.

போர்பனில் முதலில் வந்தது முற்றிய பாகு வாசம், அடுத்து கொப்பரை. அமெரிக்க ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற பொருள்தான் அந்தத் தேங்காய் வாசத்தைக் கொடுக்கிறது. ரை அப்படியே வேறு. மூக்கில் சதகுப்பை, நாக்கில் மிளகு, விழுங்கின பிறகு வாய் காய்ந்துபோகிறது.

அப்புறம் இருமல் மருந்து மூடியால் அளந்து கலந்தோம். சரிக்குச் சரி ஊற்றினால் பாதிப் பாதியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அந்த ரையில் 95 சதவீதம் ரை தானியம், போர்பனிலேயே 28 சதவீதம் ரை இருக்கிறது. சரிக்குச் சரி கலந்தால் 61 சதவீதத்துக்கு மேல் ரை ஆகிவிடும். சதகுப்பை வாசம் மேலேறி, கொப்பரை இருந்த இடம் தெரியவில்லை. மூன்று மூடி போர்பனுக்கு ஒரு மூடி ரை ஊற்றியதும் ருசி படிந்தது. முன்னால் இனிப்பு, கடைசியில் மிளகு. கூட்டிப் பார்த்தால் ரை சுமார் 45 சதவீதம். அமெரிக்காவின் வைல்டு டர்க்கி விஸ்கி ஆலையில் தவறுதலாக போர்பனும் ரையும் கலந்துபோய், அதையே 2013-இல் 'ஃபர்கிவன்' என்று விற்றார்கள். அதிலும் போர்பன் 78-க்கு ரை 22, கிட்டத்தட்ட இதே விகிதம்தான். எனக்கு இந்த மூன்றுக்கு ஒன்று, தனிப் போர்பனைவிடப் பிடித்தது. அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை, ரைதான் என்கிறான். இருக்கட்டும்.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். பதநீரை மட்டும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றியதும் கருப்பட்டி, சீனிப்பாகு சேர்த்து ஊற்றியதும் கருப்பட்டி. சீனி சேர்த்ததைச் சொல்லிவிட்டு விலையைக் குறைத்து விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதிக்கு அடிப்படை மொலாசஸ் என்ற கரும்பாலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய ஸ்பிரிட்தான். மது உடல்நலத்துக்குக் கேடு என்று பாட்டிலில் எழுதியிருக்கிறது, நல்லது, எழுதட்டும். உள்ளே இருப்பதில் எத்தனை சதவீதம் தானியம், எத்தனை மொலாசஸ் என்பதையும் அதற்குக் கீழே எழுதினால் என்ன? 2025 பிப்ரவரியில் போர்பனுக்கான இறக்குமதி வரியை 150-லிருந்து 100 சதவீதமாகக் குறைத்தார்கள். இனி இந்தப் பெயர்களெல்லாம் இங்கேயும் அதிகம் அடிபடும். பிளெண்டட் பாட்டிலுக்குக் காசைக் கொடுக்கிறவர், எதோடு எதைக் கலந்தார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

யாரையும் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை பாட்டில்களைத் தரம் பிரிக்கும்போது, ஸ்பிரிட் சேர்ந்த கலப்பையும் ஸ்ட்ரெய்ட் விஸ்கிகளின் கலப்பையும் தனித்தனிப் பட்டியலாகப் போடட்டும். சதவீதம் லேபிளில் இருந்தால் அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.