பார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசியவர் பெல் ஹூக்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய இசை நட்சத்திரங்களையும் பெண்ணியத்தையும் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், பெல் ஹூக்ஸ் குறித்து ஒரே ஒரு செய்திதான் இருந்தது: பாடகி பியான்சேயை அவர் 'பயங்கரவாதி' என்று சொன்னார் என்பது. இனம், பெண்ணியம், வெகுமக்கள் பண்பாடு ஆகியவற்றைப் பற்றி நாற்பது ஆண்டுகள் எழுதிய, அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான ஓர் இலக்கிய அறிஞரை அந்த ஒற்றைச் சொல்லைக் கொண்டு வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. கல்லூரியில் நெடுங்காலம் அமெரிக்க இலக்கியம் கற்பித்தவள் என்ற முறையில் சில விவரங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்தச் சொல் 2014 மே மாதம் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்தில், கறுப்பினப் பெண்கள் பங்கேற்ற ஓர் உரையாடலில் சொல்லப்பட்டது. டைம் இதழின் அட்டையில் பியான்சே தோன்றிய படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, அத்தகைய படங்கள் சிறுமிகளின் மனத்தில் விளைவிக்கும் பாதிப்பைக் கருதியே ஹூக்ஸ் அவ்வாறு கூறினார். மேடையிலேயே அதற்கு மறுப்பும் எழுந்தது. அந்தச் சொல்லை நான் ஆதரிக்கவில்லை. அதன் கடுமை, அவர் சொல்ல வந்த பொருளையே மறைத்துவிட்டது. ஆனால் அந்தப் பொருள் என்ன என்பதைக் கட்டுரையாளர் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

ஹூக்ஸ் 1952-இல் கென்டக்கி மாநிலத்தின் ஹாப்கின்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். இயற்பெயர் குளோரியா ஜீன் வாட்கின்ஸ். கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியில் தொடங்கிய அவருடைய கல்வி, 1983-இல் டோனி மோரிசனின் புதினங்கள் குறித்த முனைவர் பட்ட ஆய்வாக நிறைவுற்றது. தம் கொள்ளுப்பாட்டியின் பெயரையே புனைபெயராக ஏற்று, எழுதியவரைவிட எழுத்தே முன்னே நிற்க வேண்டும் என்பதற்காக அதை ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளிலேயே எழுதினார். தமிழில் அந்த எழுத்து வேறுபாடு இல்லாததால், அவருடைய இந்த அடக்கம் நம் வாசகர் கண்ணில் படுவதேயில்லை.

பத்தொன்பதாம் வயதில் எழுதத் தொடங்கி 1981-இல் வெளியிட்ட நூலுக்கு, முன்னாள் அடிமையான சோஜர்னர் ட்ரூத் 1851-இல் ஒஹையோவில் ஆற்றிய உரையோடு சேர்த்து நினைக்கப்படும் 'நான் பெண் இல்லையா' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார். கறுப்பர்கள் என்று பேசும்போது கறுப்பின ஆண்களையும், பெண்கள் என்று பேசும்போது வெள்ளையினப் பெண்களையும் மட்டுமே மனத்தில் கொள்ளும் வழக்கத்தை அந்நூல் எடுத்துக்காட்டியது. இரண்டு சொற்களுக்கும் வெளியே விடப்பட்டவள் கறுப்பினப் பெண்.

திரைப்படங்களை அவர் எழுத எடுத்துக்கொண்டதற்கு அவருடைய வகுப்பறை அனுபவமும் ஒரு காரணம். கோட்பாடாகச் சொன்னபோது பிடிபடாதவை, மாணவர்கள் பார்த்த படத்தை முன்வைத்துப் பேசியபோது எளிதில் விளங்கியதை அவர் கண்டார். 1992-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில், கறுப்பினப் பெண் பார்வையாளரைப் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளில் நான் மிகுதியாகக் கற்பித்த கட்டுரை அதுதான். அடிமைகள் எசமானரை ஏறிட்டுப் பார்த்ததற்காகவே தண்டிக்கப்பட்ட வரலாற்றிலிருந்து அதன் சிந்தனை புறப்படுகிறது. அந்த அச்சம் பழங்கதையாகிவிடவில்லை. 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையினப் பெண் ஒருவரிடம் முறைதவறி நடந்தான் என்ற பேரில் கடத்திக் கொல்லப்பட்டபோது ஹூக்ஸுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. பார்க்கும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள், இருண்ட அரங்கில் அமர்ந்து திரையைத் தடையின்றிப் பார்க்கும்போது என்ன நிகழ்கிறது என்று அவர் கேட்டார்.

'ஏமோஸ் அண்ட் ஆண்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வரும் சஃபையர் என்ற மனைவி, ஓயாமல் சண்டையிடுபவளாகச் சித்திரிக்கப்பட்டவள். சிறுமிகளாக இருந்தபோது தங்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை என்றும், ஆனால் வயதில் மூத்த கறுப்பினப் பெண்கள் அவளுடைய மனக்குமுறலில் தங்களையே கண்டு, அவள் கேலிக்குள்ளாவதை வெறுத்தார்கள் என்றும் ஹூக்ஸ் எழுதுகிறார். ஊடகம் கொடுத்ததை அப்படியே விழுங்காமல் எதிர்த்துப் பார்க்கும் அந்தப் பார்வையைக் கோட்பாடு படித்திராத பெண்களிடமே அவர் கண்டெடுத்தார். இந்தப் பகுதியை நடத்திய ஒரு நாள், அதுவரை வகுப்பில் வாய் திறந்திராத ஒரு மாணவி எழுந்து, தொடர்களில் எல்லோரும் திட்டும் பெண்ணுக்காகவே தன் ஆச்சி கண்ணீர் விடுவார் என்று சொன்னாள்.

பியான்சேயை மட்டும் அவர் தனியே குறிவைத்ததாகக் கட்டுரை தரும் தோற்றமும் சரியன்று. வெள்ளையினப் பாடகி மடோனா 'ஒழுக்கமான பெண்' என்ற பிம்பத்தை உடைப்பதைப் பலர் கொண்டாடியபோது, அந்தப் பிம்பம் வெள்ளையினப் பெண்ணுக்கு மட்டுமே வழங்கப்பட்டது என்றும், பிறந்தது முதலே ஒழுக்கம் அற்றவளாக முத்திரை குத்தப்பட்ட கறுப்பினப் பெண் எதை உடைப்பாள் என்றும் கேட்டார். கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீயின் 1986-ஆம் ஆண்டுப் படத்தில் நாயகி வன்புணர்வுக்கு உள்ளாகும் காட்சியை, இனப்பற்றின் பேரால் அவர் மன்னிக்கவில்லை. அக்காட்சியை எடுத்ததற்காக வருந்துவதாக லீயே 2014-இல் சொன்னார். பியான்சேயின் 'லெமனேட்' என்ற பாடல் காட்சித் தொகுப்பைப் பற்றி 2016-இல் எழுதியபோதுகூட, கறுப்பினப் பெண்களின் அன்றாட வாழ்வு அதில் அழகுறக் காட்டப்பட்டதை ஏற்றுக்கொண்டுதான், அழகிய மஞ்சள் உடையில் மட்டையால் கார்களை உடைத்துச் செல்லும் வன்முறை விடுதலை ஆகாது என்று வாதிட்டார். அவருடைய வாதத்தைக் கறுப்பினப் பெண்ணியர் பலர் மறுத்தார்கள். இளைய தலைமுறையின் மகிழ்ச்சியை அவர் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆயினும் அது வாதம், வசை அன்று.

2021 டிசம்பரில் கென்டக்கியின் பெரீயாவில் ஹூக்ஸ் காலமானார். கறுப்பினப் பெண் பார்வையாளரைப் பற்றிய அந்தக் கட்டுரையின் கருத்துகளையேனும் விரிவாக எடுத்துரைக்கும் ஒரு கட்டுரையைத் தங்கள் இணைப்பில், அதே அளவு இடம் ஒதுக்கி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
பாளையங்கோட்டை.