வரைபடம் இல்லாத ஒப்பந்தப்புள்ளி: பாதுகாப்பு உற்பத்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

கொள்முதல் நடைமுறைகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

குன்னூரில் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் இயந்திரமும் கொண்ட பட்டறை நடத்திவருகிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஷாஃப்ட், புஷ் (ஷாஃப்ட் உள்ளே ஓடும் உருளை வளையம்), பல்சக்கரம் செய்து தருவதே எங்கள் அன்றாட வேலை. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் வெலிங்டனில் ராணுவ மையமும் உள்ள மலையில் இருந்துகொண்டு, ராணுவத்துக்கும் நாலு பாகம் செய்து கொடுக்கலாமே என்று நினைப்பது இயல்புதான். நான் சொல்லவிருப்பது அவ்விரு இடங்களிலும் நடந்ததன்று; சமவெளியில் வேறோர் அலுவலகத்தில் நேர்ந்தது.

அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் ஓர் உருக்கு புஷ்ஷுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டிருந்தது. பாகத்தின் எண்ணும் தேவைப்படும் எண்ணிக்கையும் இருந்தனவே தவிர வரைபடம் இல்லை. 'மாதிரியின்படி' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மலையிறங்கிப் போய்ப் பார்த்தால், மேசைமேல் இருந்தது ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய புஷ். அதன் உள்விட்டம் ஒரு பக்கமாக முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. தேயிலை இயந்திரமாக இருந்தால், உள்ளே ஓடும் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரால் அளந்து, ஓட்டத்துக்கு வேண்டிய இடைவெளியைக் கூட்டி, சரியான உள்விட்டத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். இங்கே அந்த ஷாஃப்ட் எந்த முகாமில் இருக்கிறதோ! தேய்ந்த அளவையே செய்வதா, புதிதில் இருந்திருக்கக்கூடிய அளவை ஊகித்துச் செய்வதா என்று கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. உருக்கின் ரகமும் எழுதப்படவில்லை. சாதாரண உருக்கான ஈ.என்.8-க்கும் உறுதி மிக்க கலப்பு உருக்கான ஈ.என்.24-க்கும் உள்ள விலை வேறுபாடே யார் குறைந்த விலைக்காரர் என்பதைத் தீர்மானித்துவிடும். மாதிரியைப் பார்க்காமலே விலை குறித்தவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

மூல வரைபடங்கள் தர உறுதி இயக்ககத்தின் பொறுப்பில் காக்கப்படுவதை அறிவேன். மறைக்க வேண்டியவை மறைந்தே இருக்கட்டும். சாதாரண புஷ்ஷுக்கும் பாகங்களை இணைக்கும் பின்னுக்கும் அளவு, அதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு, உருக்கின் ரகம், கடினத்தன்மை ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியிலேயே தரலாம். வரைபடம் கிடைக்காத இடத்தில், மாதிரியோடு அது பொருந்தும் பாகத்தையும் அளக்க விட வேண்டும்.

மற்றொன்று, நாள் கணக்கு. நாங்கள் செய்து கொடுக்கும் முதல் மாதிரி பரிசோதனைக்குப் போய்க் காத்திருக்கும் வாரங்களையும் எங்கள் கணக்கில் சேர்த்து, தாமதத்துக்கு என்று பொருளின் விலையில் வாரம் 0.5 சதவீதம் பிடிப்பது முறையன்று. மாதிரி ஏற்கப்பட்ட நாளிலிருந்தே விநியோகக் காலம் தொடங்க வேண்டும். 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பும் பொருளை ஒப்படைத்த பிறகுதான் எங்களுக்குப் பயன்படும். அதுவரை உருக்குக்குப் போட்ட முதல் எங்களுடையது.

அரசின் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2012-இல் வந்து, 2018-இல் 25 சதவீதமாக உயர்த்தப்பட்ட கொள்கையை வரவேற்கிறேன். ஆனாலும் அந்த புஷ்ஷுக்கு நான் விலை குறிக்கவில்லை. அதே ஒப்பந்தப்புள்ளி மறுபடி வந்தால், உள்விட்டத்தையும் உருக்கின் ரகத்தையும் எழுதிவிடுங்கள், விலை குறிக்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூர்ப் பட்டறைக்காரர் ஒருவர்